அவரிடம் போகாத நோட்டு

முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். அதில் பெரும்பகுதி கொட்டாம்பட்டிப் பக்கம், நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு பள்ளியில். ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் காலங்களைச் சொல்லித்தர என்னிடம் ஒரு அட்டை இருந்தது. பன்னிரண்டு கட்டம்: மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை. பிள்ளைகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். சத்தம் தலைமையாசிரியர் அறைவரை கேட்கும். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் அதே பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டதே இல்லை.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது அந்தப் பெண் வந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்த தற்காலிக ஆசிரியை. சொற்பச் சம்பளம். ஒவ்வொரு ஜூனிலும் தலைமையாசிரியர் சரி என்றால்தான் அடுத்த வருடம் வேலை. கணவர் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் அவரும் மகளும் இருந்தார்கள். இது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பை அவர் மதில் ஓரத்துப் புளிய மரத்தடிக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகள் சாலையைப் பார்த்து, கண்ணெதிரே நடப்பதைச் சொல்லவேண்டும். பிறகு சாலைக்கு முதுகு காட்டி நின்று, பார்த்ததைச் சொல்லவேண்டும். அப்புறம், இனி என்ன வரும் என்று பந்தயம் கட்டவேண்டும். லாரி, திருச்சி பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர். அவ்வளவுதான் பாடம்.

ஒருநாள் கழிப்பறைக்குப் போகிற சாக்கில் சுவர் மறைவில் நின்று கேட்டேன். போன வருடப் பரீட்சையில் என்னிடம் எட்டு மார்க் வாங்கிய ஒருவன், தன் வீட்டுக் காளை வாடிவாசலில் தயங்கி நின்றதையும், ஒரு விசில் சத்தத்துக்குப் பாய்ந்ததையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கே தப்பு விடுவான் என்று காத்திருந்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. கழிப்பறைக்குப் போகாமலே வகுப்புக்குத் திரும்பினேன்.

மறுவாரம் அவர் விடுப்பில் இருந்தபோது என் பத்தாம் வகுப்பை அதே மரத்தடியில் நிறுத்தினேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி எழுந்து, "சார், எந்தக் கட்டம் சார்?" என்றாள். அவர்களை வகுப்புக்கே திருப்பி அழைத்துப் போனேன்.

கணக்கு ஆசிரியர் ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னண்ணே, உங்க பன்னெண்டு கட்டத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்திட்டாங்களாமே?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்தான் சிரிக்கவில்லை. "போங்க சார், அது இல்லாம பரீட்சை எழுத முடியுமா?" என்றார். அவர் எனக்காகப் பரிந்து பேசியது, சிரித்தவர்களைவிட அதிகமாக எரித்தது.

மரத்தடி வகுப்புக்குத் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். ஒரே நிபந்தனை, ஆய்வுக்குக் கல்வி அதிகாரி வருகிற அன்று பிள்ளைகள் அறைக்குள் இருக்கவேண்டும். அதிகாரி வருவதாகத் தகவல் கிடைத்தால் சுற்றறிக்கை நோட்டு வகுப்பு வகுப்பாகப் போகும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

அன்று பத்தரை மணிக்குப் போன் வந்தது. பதினோரு மணிக்குத் திடீர் ஆய்வு. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அலுவலக உதவியாளர் நோட்டோடு என் வகுப்புக்கு வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னும் மரத்தடி டீச்சர் மட்டுந்தான் சார் பாக்கி. முட்டி வலி உசுரு போகுது, அம்புட்டு தூரம் நடக்கணும்."

"நான் அந்தப் பக்கந்தான் போறேன். குடுங்கக்கா, காட்டிர்றேன்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நோட்டை இழுப்பறையில், விடைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன். மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தபடி பாடம் நடத்தினேன்.

ஜீப் வந்தது. சாலையோரம் நாற்பது பிள்ளைகள் நிற்பதை அதிகாரி இறங்கும் முன்பே பார்த்துவிட்டார். "ஒரு லாரி தடம் மாறுனா யாருய்யா பதில் சொல்றது?" என்று கத்தியது எல்லா வகுப்பிலும் கேட்டது. அந்தக் களேபரத்தில் நோட்டை அலுவலக மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதிகாரி போனபின் தலைமையாசிரியர் ஆசிரியர்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அக்கா கதவருகே ஒதுங்கி நின்றார். அவரும் தினக்கூலிதான்.

"நோட்டு வரலையாம்மா?"

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னை. "வந்துச்சு சார். நாந்தான் சரியாப் படிக்கல."

மறுநாள் நோட்டைப் புரட்டினேன். அவர் பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. சொன்ன பொய் நிற்கவேண்டுமென்று பிறகு வந்து போட்டிருக்கிறார். ஜூனில் அவருக்கு வேலை இல்லை. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பும் எனக்கே வந்தது. அட்டையை மாட்டினேன்.

போன மாதம், நான் இப்போது குடியிருக்கும் ஆனையூரிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, அவரைப் பார்க்க அவனியாபுரத்துக்குப் போனேன். பட்டறைகளுக்கு நடுவே மாடியில் இருந்தது அவருடைய வீடு. முன்னறையில் விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் சீருடையிலேயே ஏழெட்டுப் பேர் அவரிடம் ஆங்கிலம் படிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஏதோ எழுதக் கொடுத்துவிட்டு என்னை அடுப்படிக்கு அழைத்துப்போய் நாற்காலி போட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினார்.

"தெரியும் சார். நோட்ட உங்ககிட்டக் குடுத்தேன்னு அக்கா அன்னைக்கே, எல்லாரையும் கூப்பிடுறதுக்கு முன்னாலயே அழுதுக்கிட்டே சொன்னாங்க."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொன்னா மொதல்ல அக்காவத்தான் கேப்பாங்க. அவங்க ஒங்களக் காட்டுவாங்க. நீங்க இல்லேன்னு சொல்லிருப்பீங்க. சொல்லிருப்பீங்கதானே சார்?"

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். "ரெண்டு வருசம் ஜவுளிக்கடையில நின்னேன். காலு வீங்கிப் போகும். ஒங்கள நினைக்காத நாளில்ல. மன்னிச்சுட்டேன்னு இப்ப வாய்க்கு வந்தாச் சொல்லலாம், சார். வரல." காபியை என் கையில் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

அது எனக்கு வேண்டியதுதான். குடித்துவிட்டு எழுந்து போயிருக்கவேண்டும். ஆனால் முன்னறையில் ஒரு பெண், பெட்டியைத் தொலைத்த பயணி ஒருவர் தன்னிடம் வந்து அழுததை ஆங்கிலத்தில் விவரிக்கத் தொடங்கினாள். தடையில்லாமல், ஒரு கதையைப்போல. எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. எழுபது வயதில், மன்னிப்பு கேட்கப் போன வீட்டில், அவள் எங்கே தப்பு விடுவாள் என்று காதைக் கொடுத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.