பிரேக்குக்கு அடியில் போன ஃபோம்

என் கணவர் செங்கல்பட்டில் வாடகை வேன் ஓட்டுகிறார். என்ஜின் பக்கத்திலேயே இருப்பதால் அவருடைய இடது கால் சூட்டில் வெந்துவிடும். அதனால் என்ஜின் மூடியின் பக்கவாட்டில் அவரிடம் சொல்லாமல் ஒரு ஃபோம் துண்டை ஒட்டினேன். சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்த, இருபுறமும் ஒட்டும் டேப்பால்தான் ஒட்டினேன்.

மறுநாள் குழந்தைகளோடு மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆடுகள் கூட்டமாகச் சாலையில் ஏறின. பிரேக்கை மிதித்தவரின் முகம் வெளுத்தது.

“பிரேக்கு எறங்கல. கீழ இன்னா கீது பாரு, பாத்திமா.”

குனிந்தேன். சூட்டில் பசை இளகி, ஃபோம் நழுவி பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்தது.

“கால எடுங்க” என்று சொல்லி இழுத்தேன். பாதி கிழிந்து வந்தது. மீதியையும் பிடுங்கி, அவர் மறுபடி மிதித்த பிறகுதான் வேன் நின்றது. பம்பரை உரசிக்கொண்டு ஓர் ஆடு போனது. பின்னால் குழந்தைகள் அழுதார்கள்.

“நான்தான் ஒட்டினேன்” என்றேன்.

அவர் வேனை ஓரங்கட்டினார். பிறகு, “கால் வெந்தா வெந்துட்டுப் போவுது. என்னைக் கேக்காம வண்டில கை வெக்காத” என்றார்.

அண்ணனுக்கு எழுதி, சூடு தாங்கும் டேப்பை வரவழைத்து, இருவருமாகச் சேர்ந்து ஒட்டினோம். ஆனாலும் தினமும் காலையில் ஃபோமின் ஓரங்களை நகத்தால் நெம்பிப் பார்த்த பிறகே அவரிடம் சாவியைக் கொடுக்கிறேன்.