கால்வாய்க்கு அந்தக் கரைப் பாதை

கணிப்பொறிப் படிப்பு முடிந்த கையோடு மேலப்பாளையம் தஸ்மியாவுக்குக் கல்யாணம். பிறகு பல வருடம் அடுப்படியும் பிள்ளைகளும்தான். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சிறு அறக்கட்டளை அவளை வேலைக்குக் கூப்பிட்டபோது அவளால் நம்பவே முடியவில்லை.

வேனில் இருக்கும் செல்போன், போகிற வழியெல்லாம் ஜிபிஎஸ் புள்ளிகளைப் பதிந்துகொண்டே வரும். புள்ளிகள் சாலையில் சரியாக உட்காராமல் வயலிலும் கூரைமேலும் சிதறிக் கிடக்கும். அவற்றை வரைபடத்துச் சாலைகளோடு பொருத்துவது அவள் வேலை; அடுத்துப் போகிறவருக்கு அதுதான் செல்போனில் வழிகாட்டும். யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நிரலையே திறந்து வைத்த ஒரு மென்பொருள் அதற்கு இருந்தது. முட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் இணையத்தில் முகம் தெரியாத யாரோ பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

ஒருநாள் ஓட்டுநர் அப்பாத்துரைக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. அவருக்குப் பதிலாகப் போன காஜா முகைதீன், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பதறிப்போய் அழைத்தார்.

“தங்கச்சி, இசக்கித்தாயம்மா வீடு அந்தா தெரியுது. நடுவுல கால்வாய்லா ஓடுது! மேப்பு இங்கன கொண்டாந்து விட்டுட்டு.”

இசக்கித்தாய்க்குப் புற்றுநோய். வலிக்கான ஊசியும் அதைப் போட வேண்டிய புது நர்ஸும் வேனில்தான். வழி தெரிந்த அப்பாத்துரையோ மயக்கத்தில்.

தஸ்மியா அவருடைய பழைய பயணங்களைப் பொருத்தாமல், பதிந்த புள்ளிகளாகவே திரையில் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவை எதிர்க்கரையில், வரைபடம் வெறும் வயலாகக் காட்டிய இடத்தில், ஒரே கோடாக ஓடின. அங்கே பாதை இருக்கிறது, வரைபடத்தில்தான் இல்லை. மென்பொருள் தனக்குத் தெரிந்த சாலையில் அவற்றை இழுத்து ஒட்டியிருக்கிறது.

“அண்ணே, வந்த வழியே திரும்புங்க. பாலம் தாண்டினதும் இடதுகைப் பக்கம் வயலுக்குள்ள ஒரு பாதை பிரியணும். பைய போங்க.”

கொஞ்ச நேரத்தில் அதே எண்ணிலிருந்து இசக்கித்தாயே பேசினாள்.

“வந்துட்டாவ தாயி. ஊசி போட்டாச்சு. நீ நல்லாருப்ப.”

 மாலையில் தஸ்மியா, எல்லாரும் திருத்தக்கூடிய அந்த வரைபடத்தில் பாதையை வரைந்து சேர்த்தாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாத்துரையிடம், “அண்ணாச்சி, நீங்க ஓட்டுன தடம்தான் காப்பாத்துச்சு” என்றாள்.

“நா என்னம்மா செஞ்சேன்?” என்று சிரிக்கப்போய், தையல் இழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், தனக்கு உதவியவர்களுக்கு நன்றி எழுத இணையத்தைத் திறந்தாள். அங்கே எந்த ஊர்க்காரரோ, தன் புள்ளிகள் ஆற்றுக்குள் விழுவதாகக் கேட்டிருந்தார். தஸ்மியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலில் அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள்.