கடைசி நாலு வரி

பத்திரிகையில் அவருக்குக் கத்திரி என்று பெயர். பத்தொன்பது வருடம் துணை ஆசிரியர். எவ்வளவு நீளச் செய்தி வந்தாலும் இருக்கிற இடத்துக்குள் அடக்கித் தந்துவிடுவார். வழி ரொம்ப எளிது. முக்கியமானதை நிருபர் மேலே எழுதியிருப்பார், இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். வெட்டுகிற பத்தியைப் படித்துப் பார்க்க யாருக்கு நேரம்? செய்திக்கு வால் போனால் உயிர் போகாது என்பார்.

உயிர் போனது பத்திரிகைக்கு. அதை இழுத்து மூடியபின் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து, மனைவி காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்புவதை வேடிக்கை பார்த்தார். பிறகு நாற்பத்தாறு வயதில் ஒரு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் ஆளைப் பார்த்துத்தான் நிரந்தரம் செய்வார்களாம்.

இரண்டாம் மாடியில், தேர்வுப் பிரிவுக்குப் பக்கத்து அறை. அவருக்குக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அவர் முகம் ஏதோ வழக்கில் பிடிபட்டவன் மாதிரி இருந்தது. நூலகம் நாளை விடுமுறை என்று இரண்டு வரி அறிவிப்பு போட நாலு பேர் கையெழுத்து. "எங்க பத்திரிகையில இதெல்லாம் பத்து நிமிஷ வேலை" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. பக்கம் வடிவமைக்கும் பெண், "எங்க பத்திரிகையில" என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒருநாள் மதியத்துக்குள் பத்து விரலும் தீர்ந்துவிட்டன.

மூன்றாம் மாதம், மாதச் செய்திமடலை அவர் பொறுப்பில் விட்டார் பிரிவின் தலைவி. அவரைவிடப் பத்து வயது இளையவர், அதிர்ந்து பேசாதவர். தாவரவியல் பேராசிரியர், உச்சி வெயிலிலும் இலை சுருளாத நாற்று ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு விமானம் ஏறிவிட்டார். இடம் இருந்ததோ ஒரு பக்கம். கத்திரி அடியிலிருந்து வெட்டினார். காலை பதினொரு மணிக்கெல்லாம் மடல் அச்சுக்குப் போய்விட்டது. "இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சதே இல்லை" என்று தலைவி சொன்னபோது, அவருக்குத் தலை கால் புரியவில்லை.

மடல் வந்த வெள்ளிக்கிழமை, கண்ணாடி வீட்டு அக்கா மாடியேறி வந்தாள். வளாகத்தின் கோடியில் நாற்றுகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் பதினோரு வருடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவள். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஆறு பிரதி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடுகிறார்களாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று வருஷக்கணக்காகக் குத்திக்காட்டும் நாத்தனாருக்குத்தான் முதல் பிரதி. தாராளமாக எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று புரட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள்.

"சார், என்னைப் பத்தி நாலு வரி இருக்குமே, அது எந்தப் பக்கம்? ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பேராசிரியர் ஐயா எனக்குப் படிச்சே காட்டினாரு."

அவர் கணினியில் மூலத்தைத் திறந்தார். கடைசிப் பத்தி. எல்லாத் தட்டுகளிலும் இலை சுருண்டு கிடந்த நேரத்தில் ஒரு வரிசை மட்டும் விரிந்து நிற்பதை முதலில் கண்டவர் தண்ணீர் ஊற்றும் இந்தப் பெண்மணி, இவர் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சியே இல்லை என்று எழுதியிருந்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்து மேஜையில் வடிவமைக்கும் பெண் இருந்தாள், அடுத்த அறையில் தலைவி இருந்தார், நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"மேலிடத்துல எடுத்துட்டாங்கக்கா" என்றார்.

அவள் ஐந்து பிரதிகளை மேஜையில் அடுக்கி வைத்தாள். "ஒண்ணு போதும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். வெட்டினது கைப்பிசகு, விட்டுத் தள்ளு என்றாள். "ஆனா அந்தப் பொய்யை உன்னை யாரு சொல்லச் சொன்னா?" பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பத்திரிகையில் அவர் எத்தனை தலைப்பு போட்டிருப்பார்!

திங்கட்கிழமை காலை தலைவி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கண்ணாடி வீட்டு அக்கா வந்துட்டுப் போனாங்க. மேடம், உங்க மனசு நோக நான் என்ன செஞ்சேன்னு தெரியலை, எதுவா இருந்தாலும் மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்த நாலு வரியை நான் பார்த்ததே இல்லையே சார்."

திட்டியிருந்தால் தேவலை. கத்திரி எல்லாவற்றையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல முடிந்தது. அடுத்த மடலில் முதல் பக்கத்திலேயே போடுங்கள் என்றார் தலைவி. "அதுக்கு முன்னாடி போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

கண்ணாடி வீட்டில் அவள் குழாயை நீட்டிப் பிடித்து வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். வெட்டினது நான், படிக்காமல் வெட்டினேன், மேலிடம் என்று சொன்னது பொய். அவள் குழாயை மூடினாள்.

"இடம் பத்தலைன்னா வெட்டத்தானே வேணும் சார். அதைச் சொல்லியிருக்கலாமே. என்ன தப்பு செஞ்சோம், வேலை இருக்குமா போயிடுமான்னு மூணு நாளா நினைச்சு நினைச்சே மாஞ்சு போனேன்."

வேலை போய்விடுமோ என்று பயந்து தான் சொன்ன பொய், அதே பயத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த மாத மடலில் அந்த நாலு வரி முதல் பக்கத்தில், நாற்றுத் தட்டோடு அவள் நிற்கும் படத்தோடு வந்தது. கீழே, சென்ற இதழில் இது விடுபட்டது தன் தவறு என்று அவர் பொறுப்பில் ஒரு வரி. ஆறு பிரதிகளை அவரே எடுத்துக்கொண்டு போனார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீட்டினாள்.

"உங்க நாத்தனாருக்கு ஒண்ணு கொடுக்க வேண்டாமாக்கா?"

"போன மாசமே எல்லாரும் கேட்டாங்க சார். மேலிடத்துல எடுத்துட்டாங்கன்னு சொன்னா, நீ என்ன செஞ்சேன்னு நோண்டுவாங்க. அதான், சும்மா பெருமைக்குச் சொன்னேன், அப்படி யாரும் எழுதலைன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. முடிஞ்சு போச்சு. இப்போ இதைக் காட்டினா, இதையும் நானே யார்கிட்டயோ சொல்லிப் போட வெச்சேன்னு சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்தாள். அவர் ஐந்து பிரதிகளையும் கையில் வைத்துக்கொண்டு, அவள் கடைசி வரிசை வரைக்கும் ஊற்றி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.