முதலில் அழுதவன்

பெண் பார்க்கப் போகிற வழியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

“அங்க போய் கண்ணு கலங்கி உக்காராதடா. ஸ்வல்ப நேரம் கல்லு மாதிரி இரு, போதும்.”

விஜயநகரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. முப்பத்து நான்கு வயது. ஆபீசில் எட்டுப் பேர் என் கீழே வேலை செய்கிறார்கள். எனக்குப் போய் இந்தப் புத்திமதி.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. இதற்கு முன் பார்த்த முதல் இடத்தில், பையன் ரொம்ப சாஃப்ட் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் காரணமே சொல்லவில்லை. அங்கே பெண்ணின் அண்ணன் வாசலில் படுத்திருந்த நாயை ஓங்கி உதைத்தான். அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நான் அப்படித்தான். ஆபீசில் யாரோ யாரையோ திட்டினால் எனக்கு வேலை ஓடாது. ஒருவர் முகம் சுண்டிப்போனால், நான் என்ன செய்துவிட்டேன் என்று இரண்டு நாள் யோசிப்பேன். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் ஆரம்பித்தால் அழுகையை மறைக்க நான் கழிவறைப் பக்கம் நகர்ந்துவிடுவேன். பெண்ணையோ மாப்பிள்ளையையோ எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஏதோ ஒன்றைப் படித்தேன். இது வியாதி இல்லை, சிலருடைய சுபாவமே இதுதான், ஆண்களிலும் இப்படி நிறையப் பேர் உண்டு என்று போட்டிருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். இத்தனை வருஷம் எதற்கடா ஒளித்து வைத்தோம் என்று தோன்றியது. இந்த முறை பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நான் இப்படித்தான், பிடித்தால் பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காபி கொடுத்துவிட்டுத் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். “தகொள்ளி, இன்னொண்ணு தகொள்ளி” என்று கன்னடம் கலந்து உபசரித்தபடி அந்த அம்மா என் தட்டில் பஜ்ஜியாக வைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா பேச ஆரம்பித்தார். மகளைப் பெங்களூரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிய நாளைப் பற்றி.

“பஸ் ஏறினதும் கண்டக்டர் வந்தாரு தம்பி. நான் பழக்க தோஷத்துல ரெண்டு டிக்கெட்டுனு கேட்டுட்டேன். இன்னொருத்தர் எங்கேங்கறாரு. நான் பக்கத்து சீட்டைப் பாக்கறேன்...”

அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்து வழிந்தே விட்டது. கூடத்தில் இரண்டு ஆண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பஸ்பமாகியிருக்க வேண்டும்.

“பஜ்ஜி கொஞ்சம் காரம்” என்றேன்.

“அது வாழைக்கா பஜ்ஜி” என்றாள் பெண்.

தனியாகப் பேச மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒத்திகை பார்த்ததையெல்லாம் அப்படியே கொட்டினேன். எனக்குச் சட்டென்று அழுகை வரும், சத்தம் தாங்காது, இதை இனிமேல் மறைப்பதாக இல்லை என்றெல்லாம். சொல்லி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அவள் கேலி செய்யவில்லை. கொடியில் கிடந்த துண்டைச் சரி செய்தபடியே பேசினாள்.

“நீங்க நல்லவருன்னு தெரியுது. எங்கப்பாவும் நல்லவருதான். ஆனா எங்கம்மா அழுது நான் பார்த்ததே இல்ல. மாமா ஆக்சிடென்ட்ல போனாரு, அம்மாவோட சொந்தத் தம்பி. அன்னிக்கும் அப்பாதான் அழுதாரு. அம்மா அவரைத் தேத்திட்டு இருந்தாங்க. ஒருத்தர் அழுதா இன்னொருத்தர் தேத்தணும் இல்லையா? எங்க வீட்டுல அந்த முறை மாறினதே இல்ல.”

துண்டை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு அழணும்னு இருக்கற அன்னிக்கு நீங்க அழாம இருப்பீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் அழுதால் அவளுக்கு முந்தி நான் அழுதுவிடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்லவும் மனசு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பர்வாயில்ல, கீழ போலாம்” என்றாள்.

காரை ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது தலைக்குள் ஒரே குழப்பம். அழாதே அழாதே என்று ஊரே சொன்னபோது, ஊர்தான் முட்டாள் என்று வைத்துக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது. இவள் அழாதே என்று சொல்லவில்லை. தனக்கும் கொஞ்சம் இடம் கேட்டாள். நான் என்னை ஏற்றுக்கொண்டேன் என்கிறேனே, அதை யாருடைய செலவில் செய்கிறேன்? சுபாவத்தை மாற்ற முடியாது என்றால் அவளுக்கு என்ன பதில்? மாற்ற முடியும் என்றால் இவ்வளவு நாள் நான் பட்டதெல்லாம் என்ன? ஒன்றும் பிடிபடவில்லை. அவள் மேல் கோபம்கூட வந்தது. அதுவும் நிற்கவில்லை.

அம்மா மாடியில் என்ன பேசினீர்கள் என்று துளைத்தெடுத்ததால் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. கேட்டுவிட்டேன்.

“அப்பா போன அன்னிக்கு நீ எப்பம்மா அழுதே?”

“அழணும்னுதான் இருந்தேன். நீ தரையில புரண்டுட்டு இருந்தே. உன் தலையை மடியில வெச்சுட்டு, முதல்ல இவன் அடங்கட்டும்னு உக்காந்திருந்தேன். நீ அடங்கறதுக்குள்ள அவரை எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அப்படியே விட்டுப்போச்சு.”

கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப் போனான்.

“என்னடா?” என்றாள்.

“இப்ப அழும்மா” என்றேன்.

“இப்ப எங்கடா வரும்” என்றாள். சொல்லும்போதே அவள் குரல் லேசாகப் பிசிறியது. அதைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா கைப்பையைத் திறந்து எனக்காகக் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தாள்.