பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு கல்யாணம்

போன வாரம் என் மகள் தன் கணினியின் பக்கப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த பவர் சப்ளை தாங்குமா?" என்றாள். கைப்பேசியில் தட்டியிருந்தால் நொடியில் பதில் வந்திருக்கும். என்னிடம் கேட்டாளே என்று எனக்கு உள்ளூரக் கர்வம். குனிந்து பார்த்தேன். சூடேறிய தூசியின் வாசம் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், மனசு பல வருடம் பின்னால், சிங்கப்பூரின் பிடோக் பேட்டையில் இருந்த மாலாவின் அறைக்குப் போய்விட்டது.

மாலா என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு இருவரும் கல்யாண வீடியோ தொழிலில் இறங்கினோம். கேமரா அவள், கணினி நான். முகவரி அட்டையில் 'ஸ்டூடியோ' என்று அச்சடித்திருந்தோம். உண்மையில் அது அவளுடைய படுக்கையறை. மழை வந்தால், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்ட மூங்கில் கழிகளை அவள் வீட்டார் ஈரத்துணியோடு உள்ளே இழுத்துப் போடுவார்கள். சொட்டுகிற துணிகளுக்குக் கீழே, கணினிக்குக் குடை பிடிக்காத குறையாக எடிட்டிங் நடக்கும்.

ஒருநாள் தேக்காவில் தையல்கடை வைத்திருந்தவரின் மகள் எங்களைத் தேடி வந்தாள். அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது.

"காலையில கோயில்ல தாலி கட்டுறப்ப அப்பாவால வர முடியாதுக்கா. சாயந்திரம் டின்னருக்கு மட்டும் கொஞ்ச நேரம் அனுப்புறேன்னு டாக்டர் சொல்லிருக்காங்க. அதுக்குள்ள வீடியோவ முடிச்சு அங்கயே போட்டுக் காட்ட முடியுமா?"

"முடியும் லா," என்றாள் மாலா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

எங்கள் கணினியோ அந்த வேலையை ஒரு நாள் முழுக்க முனகிக்கொண்டே செய்யும். அதனால் வேகமான கார்டு ஒன்றை வாங்கி வந்தோம். "உங்க பவர் சப்ளை ஐநூறு வாட் தானே, தாராளமா போதும்," என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து பவர் சப்ளையின் விலாவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். ஐநூறு என்பது பெரிய எழுத்தில் இருந்தது. கார்டும் ப்ராசசரும் நம்பியிருக்கும் பன்னிரண்டு வோல்ட் வரியிலோ, பொடி எழுத்தில், பதினெட்டு ஆம்பியர்தான். பெருக்கிப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம் வாட். இரண்டும் முழுவேகத்தில் ஓட அது பற்றாது.

மாலா கார்டைப் பொருத்தி ஓட விட்டாள். ஓடியது.

"பாத்தியா, தாங்குது. சும்மா பயப்படுறடி."

"இப்ப அது சும்மா நிக்குது, மாலா. அன்னிக்கு முழு மூச்சா ஓடுறப்ப பட்டுன்னு அணைஞ்சா, அந்த அப்பாகிட்ட யாரு போய்ச் சொல்றது? இத மாத்தாம நான் வரல."

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். கேட்டது கோழி பிரியாணி, வந்தது ஆடு என்றாலும் வாயைத் திறக்காமல் தின்றுவிடுகிற ஆள் நான். மாலா கணினியை அணைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "சரி, வா, பெருசா ஒண்ணு வாங்கலாம்," என்றாள்.

கல்யாணத்தன்று ஃபேரர் பார்க் மண்டபத்தின் பின்னறையில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டினேன். கணினிக்குள் மின்விசிறிகள் அலறின. ஆனால் கணினி ஒருமுறைகூட அணையவில்லை.

சாயந்திரம் டின்னரில் படத்தைப் போட்டபோது கதவோரம் நின்று பார்த்தோம். சக்கர நாற்காலியில் மணப்பெண்ணின் அப்பா. பக்கத்திலேயே மகளும் மாப்பிள்ளையும். திரையில் தாலி ஏறியபோது யாரோ அவர் உள்ளங்கையில் அட்சதை வைத்தார்கள். மகள் பக்கத்தில் இருப்பதை மறந்து, அவர் திரையைப் பார்த்துத் தூவினார். மாலா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாலா பழைய பவர் சப்ளையை மாட்டி, அதே எடிட்டிங் வேலையை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஃபோனில், "பாதியிலேயே அணைஞ்சிருச்சு," என்றாள். அது எனக்குப் போதும். இத்தனை வருடம் ஆகியும் போதும்.

இப்போது கல்யாணப் படங்களை வந்தவர்களே கைப்பேசியில் எடுத்து, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். மாலா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். அவள் குடியிருந்த அடுக்குமாடி ப்ளாக்கை இடித்துவிட்டார்கள். அந்த வழியாகப் பேருந்தில் போனால், எங்கள் 'ஸ்டூடியோ' இருந்த நாலாவது மாடி எந்த உயரத்தில் இருந்தது என்று நிமிர்ந்து பார்ப்பேன். அங்கே வெறும் வானம்தான் இருக்கிறது.