வாய் மூடிக் கேட்க ஆறு பேர்

இரண்டாண்டுப் படிப்பை வெர்னெட்டா கிரிம்ஸ் ஆறு ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்தாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பகலெல்லாம் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆறு ஆண்டின் நீளம் தெரியும். அல்ஜீப்ரா ஒருமுறை அவளைக் கவிழ்த்தது. மறுமுறை அவள் அதைக் கவிழ்த்தாள். குழந்தை வளர்ச்சி, உளவியல், வரலாறு என்று மற்றதையெல்லாம் மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் மடிக்கணினியைச் சாய்த்துவைத்து, மறுகையில் சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டே படித்து முடித்தாள். மிச்சம் ஒரே ஒரு பாடம் இருந்தது. மேடைப் பேச்சு.

பிடிக்காத பீன்ஸைத் தட்டோரம் தள்ளும் பிள்ளையைப்போல அதை அவள் கடைசிவரை தள்ளி வைத்திருந்தாள். பிள்ளைகளிடம் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள்தான். ஆனால் பெரியவர்கள் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வயதிலும் அந்தப் பயம் அப்படியே இருந்தது.

தெற்கு ஜார்ஜியாவில், மில்வுட் என்ற சின்ன ஊரின் மழலையர் பள்ளியில் அவள் உதவியாள். நாலு வயது வகுப்பின் ஆசிரியை ஜனவரியில் அட்லாண்டாவுக்குக் குடிபோய்விட, அன்றிலிருந்து அந்த வகுப்பை வெர்னெட்டாதான் நடத்திவந்தாள். எந்தப் பிள்ளைக்கு எது பயம், எதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பள்ளியை நடத்தும் ரோண்டா நல்ல மனுஷி. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

“நெட்டா, ஆகஸ்ட்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப உன் கையில பட்டம் இருந்தா இந்த வகுப்பு உன்னோடது,” என்றாள் ரோண்டா. “இல்லேன்னா வெளியிலேர்ந்து யாரையாவது வெக்கணும். எனக்கு வேற வழி இல்லம்மா.”

யாரையாவது வைத்தால் அந்த யாரோ ஒருத்திக்குப் பின்னால் வெர்னெட்டா மறுபடி உதவியாளாக நிற்க வேண்டும். இருபது ஆண்டாக அப்படி நின்றவள்தான். ஆனால் இந்தச் சில மாதத்தில் அந்த வகுப்பின் ருசி கண்டுவிட்டாள். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். இவள் தாவவெல்லாம் இல்லை. கையிலிருப்பதை விடாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

வீட்டிலிருந்தே படிக்கும் கல்லூரியில் மேடைக்கு எங்கே போவது? அதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள். மொத்தம் மூன்று பேச்சு. ஒவ்வொன்றையும் பெரியவர்கள் ஆறு பேர் முன்னால் நின்று பேசி, செல்போனில் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் அந்த ஆறு முகங்களையும் காட்ட வேண்டும். நடுவில் வெட்டு, ஒட்டு கூடாது. கேட்பவர்கள் பேசுபவருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது.

முதல் பேச்சுக்கு அவள் போய் நின்ற இடம், ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போகும் நியூ கில்கால் சபைக் கூடம். ஆறு பேர் வேண்டுமென்றால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? புதன்கிழமை வேதபாடத்துக்கு வந்தவர்களைக் கையோடு உட்காரவைத்துவிட்டாள். பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்குவது எப்படி என்று பேசினாள். பாதியில் ‘கிருமி’ என்ற சொல் வராமல் அவள் முழிக்க, முன்வரிசையிலிருந்த சபைப் பெரியவர் டீக்கன் ஓசியா, “கிருமி தாயி, கிருமி,” என்று எடுத்துக்கொடுத்தார். அவருக்கு எண்பது வயது, நல்ல மனசு. மற்றவர்கள் வழக்கம்போல ஆமென் போட்டார்கள். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பேராசிரியரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: கேட்பவர்களின் உதவி இருந்தது, மதிப்பெண் குறைக்கப்படுகிறது.

லிண்ட்க்விஸ்ட் என்பது அந்தப் பேராசிரியரின் பெயர். வடக்கே எங்கோ பனி கொட்டும் ஊர்க்காரர். தபால்தலை அளவுப் படத்தில் கண்ணாடி போட்ட ஒரு முகம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆமென் சொன்னது பிடிக்கவில்லைபோல என்று வெர்னெட்டா நினைத்துக்கொண்டாள். இரண்டாம் பேச்சுக்குச் சபைப் பக்கமே போகவில்லை. பள்ளியில் கூட வேலை செய்கிறவர்களை உட்காரவைத்து, மூச்சு விடக் கூடாது என்றாள். அவர்களும் விடவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பேச வேண்டியதில் பாதி மறந்துபோயிற்று. அந்தப் பேச்சு சொற்ப மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது.

ஆக, எல்லாம் மூன்றாவது பேச்சின் தலையில் வந்து விழுந்தது. அதில் தேறாவிட்டால் பாடம் போச்சு. பாடம் போனால் ஆகஸ்டுக்குள் பட்டமில்லை. பட்டமில்லாவிட்டால் வகுப்பு இல்லை. முக்கால் கிணறு தாண்டி, கால் கிணற்றில் விழுவதா என்று அவளுக்கு அழுகையே வந்தது.

நியூ கில்கால் சபையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே வாய் மூடிக் கேட்பது என்ற வழக்கமே கிடையாது. பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொன்னால் சபை ஒரு வாக்கியம் திருப்பிச் சொல்லும். நன்றாகப் பேசினால், “சொல்லுங்க, சொல்லுங்க.” தடுமாறினால், “ஆற அமரச் சொல்லுங்க.” ரொம்ப மோசமாகப் போனால் பின்வரிசையிலிருந்து பியூலாக்கா, “ஆண்டவரே, அவருக்கு ஒத்தாச பண்ணும்,” என்பார். அதைக் கேட்டதும், சீக்கிரம் முடித்துக்கொள்வது நல்லது என்று எப்பேர்ப்பட்ட பிரசங்கியாருக்கும் விளங்கிவிடும். மௌனம் அதற்கும் கீழே. நீ சொல்வதில் சரக்கில்லை என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். கதை கேட்கிறவன் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவனுக்குத் தொண்டையிலிருந்து வார்த்தை எழும்புமா, சொல்லுங்கள்.

இருந்தும் கடைசிப் பேச்சுக்கு வெர்னெட்டா மறுபடி அவர்களிடமே போனாள். அனுப்ப வேண்டிய கெடு அன்று சாயங்காலம். வேறு ஆளும் இல்லை. இந்தமுறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஆமென்கூடக் கூடாது.

“ஆமென்கூடவா?” என்றார் பியூலாக்கா. சபையின் வாசலில் முப்பது ஆண்டாக வெள்ளைக் கையுறை போட்டு நின்று ஆட்களை உட்காரவைத்தவர் அவர். அவரை ஒருவர் உட்காரவைத்து வாயடைப்பது அவருக்குப் புதிது. ஆனாலும் நெட்டாவுக்காகத் தலையாட்டினார். கைப்பையைத் திறந்து ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் மிட்டாய் கொடுத்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மிட்டாய் இருக்கிறதே என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

செல்போனை ஐஸ் டீ ஜாடிமேல் சாய்த்துவைத்துவிட்டு வெர்னெட்டா தொடங்கினாள். பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்காட்டும்போது அவர்களைக் குறுக்கே பேச விடுங்கள், அப்படித்தான் பேச்சு வளரும் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். இரண்டாம் நிமிடம் டீக்கன் ஓசியாவின் கைத்தடி தரையைத் தட்ட ஆரம்பித்தது. நிறுத்தினாள். தடியைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். நல்ல இடம் ஒன்று வந்தது. “ம்ம்ம்ஹ்ம்,” என்று நீளமாக ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜெரால்டின். பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள், வெர்னெட்டாவோடு ஒன்றாகப் பள்ளிக்குப் போனவள்.

“வாயத் தொறக்கவே இல்ல நான்,” என்றாள் ஜெரால்டின். அது உண்மைதான்.

மூன்றாம் தடவை ஆறு பேரும் ஒப்புக்கொண்டபடி நடந்தார்கள். சத்தமில்லை, அசைவில்லை. பியூலாக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. டீக்கன் ஓசியா கண்ணை மூடிக்கொண்டார். வெர்னெட்டா அந்த முகங்களைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்த முகங்கள் அவை. இப்போது, நீ சொல்வதில் சரக்கில்லை என்று ஆறும் சேர்ந்து சொல்வதுபோல இருந்தது. அடுத்த வாக்கியம் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவள் போனை அணைத்துவிட்டு, மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

“விடுங்கக்கா, எனக்கு இது வராது,” என்றாள். “வகுப்பு போனாப் போவட்டும்.”

பியூலாக்கா மிட்டாயைக் கடித்து விழுங்கினார். அவருக்குக் கோபம். நெட்டாமேல் இல்லை, யார்மேல் என்று அவருக்கே தெரியாத கோபம். ஜெரால்டின்தான் வாயைத் திறந்தாள்.

“கொழந்தைங்க வாயத் தொறந்து கேட்டாத்தான் வளருங்கன்னு நீ பேசற. பேசிக்கிட்டே எங்க வாய்க்கு மிட்டாயப் போட்டு அடைக்கிற. இது என்னடி நியாயம்?”

வெர்னெட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தனக்கே சிரிப்பு வருவதுபோல இருந்தது, ஆனால் சிரிக்கப் பயமாக இருந்தது. பெரிய தீர்மானம் எதையும் அவள் எடுத்துவிடவில்லை. கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது, இழக்க இனி எதுவும் இல்லை, அவ்வளவுதான். எழுந்துபோய்ப் போனை முடுக்கி, ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, ஜாடிமேல் சாய்த்துவைத்தாள்.

“புரொபசர் லிண்ட்க்விஸ்ட், தொடங்கறதுக்கு முன்னால ஒரு விஷயம் சொல்லிடறேன்,” என்றாள். “எங்க சபையில காதால மட்டும் கேக்கறதில்லைங்க, வாயாலயும்தான் கேப்போம். இவங்க எனக்கு ஒரு வார்த்தையும் எடுத்துக்குடுக்க மாட்டாங்க. ஆனா சும்மாவும் இருக்க மாட்டாங்க. சும்மா இருக்கச் சொல்லிப் பாத்தேன், எனக்குப் பேச்சே வரல. மார்க்கு கொறைக்கணும்னா கொறைச்சுக்குங்க.”

“சொல்லு தாயி,” என்றார் பியூலாக்கா, அணை திறந்ததுபோல.

அதற்கப்புறம் நடந்ததை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வெர்னெட்டா ஒரு வாக்கியம் சொன்னாள், அவர்கள் ஒன்று சொன்னார்கள். கரடிக் கதையில் கரடி வரும் முன்பே ‘கரடி’ என்று கத்தும் பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது, “அப்படிப் போடு,” என்றாள் ஜெரால்டின். ஓரிடத்தில் அவள் தடுமாறினாள். “ஆற அமர, கண்ணு, ஆற அமர,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யாரும் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. டீக்கன் ஓசியா உதட்டைக் கடித்துக்கொண்டு, தடியைக் கேட்டு வாங்கித் தட்டினார். சொல் தானாக வந்தது. பேச்சு கொடுத்த நேரத்தைத் தாண்டி ஓடியது, அவள் கவனிக்கவே இல்லை. கடைசியில் முகங்களைக் காட்டப் போனைத் தூக்கினால் ஆறு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு பயமும் வந்துவிட்டது. உதவி கூடாது என்று மதிப்பெண்ணைக் குறைத்த மனுஷனிடமே போய், மார்க்கைக் குறைத்துக்கொள் என்று வாய் நீட்டினோமே என்று நாலு நாள் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கையில்கூட, அடுத்த ஆண்டு இவர்களுக்கு யார் உரித்துத் தருவார்களோ என்று நினைப்பாள்.

பதில் ஒரு மதிய வேளையில், காருக்குள் அவள் இருக்கும்போது வந்தது. பேச்சு நீண்டுவிட்டது, அதற்கு மதிப்பெண் வெட்டு என்று முதல் வரியிலேயே இருந்தது. வெர்னெட்டா சாண்ட்விச்சை மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக மிச்சத்தைப் படித்தாள். பேராசிரியர் பதிவை இரண்டு முறை பார்த்திருக்கிறார். கேட்பவர்கள் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை, ஆகவே விதி மீறப்படவில்லை. முதல் பேச்சில் மதிப்பெண் குறைத்தது ஒருவர் ‘கிருமி’ என்று சொல்லிக்கொடுத்ததற்காக மட்டுமே. ஆமென் சொல்வதைத் தான் உதவியாகக் கணக்கில் எடுக்கவில்லை, அதை அப்போதே விளக்கமாக எழுதியிருக்க வேண்டும். இந்தப் பேச்சு தேர்ச்சி. பாடமும் தேர்ச்சி.

அதை அவள் இன்னொருமுறை படித்தாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சும்மாவா சொன்னார்கள். ஆறு ஆண்டாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போய்விட்டது. மடிக்கணினியை மூடிவிட்டுக் காரின் இருக்கையைப் பின்னால் சாய்த்தாள். சாண்ட்விச்சை இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக, கடைசி விள்ளல்வரை தின்றாள்.

பிறகு பியூலாக்காவுக்குப் போன் போட்டாள். விஷயம் முழுதையும் கேட்டுவிட்டு அவர், “அப்ப எல்லாத்துக்கும் காரணம் அந்த ஓசியாக் கெழவனா?” என்றார். ஆள் அனுப்பி டீக்கன் ஓசியாவிடம் கேட்கவும் செய்தார். கிருமியைக் கிருமி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வதாம் என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சேதி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அவருக்குப் பீச் பழக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தது வெர்னெட்டாதான்.

ரோண்டாவிடம் சொன்னபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். ஆகஸ்ட் வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் காலை, ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு வயது வகுப்பின் வாசலில் தயங்கி நின்றாள். ஊருக்குப் புதியவள். பிள்ளை அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

“டீச்சர் எங்கங்க?” என்று கேட்டாள் அந்தத் தாய்.

இருபது ஆண்டுப் பழக்கம் எங்கே போகும்? வெர்னெட்டா டீச்சரைக் கூப்பிடுவதற்காகப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டாள். அங்கே சின்ன நாற்காலிகளும் சுவரில் ஒட்டிய எழுத்துகளும் மட்டுமே இருந்தன. அவள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

“நான்தாங்க,” என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.