சாமி மேடைக்கு அடியில் வைத்த பெட்டி

மகள் கல்யாணப் படங்கள் அத்தனையும் இருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டியை, லகாட்டில் எங்கள் வீட்டுச் சாமி மேடைக்கு அடியில் வைத்திருந்தோம். பெட்டிக்கு வெளியே வேறு பிரதி கிடையாது.

"சாமிகிட்ட இருந்தா ஒன்னும் ஆகாதுலா," என்றாள் மனைவி.

சில மாதங்களாக அது கரகரவென்று இரைந்தது. வேலை முடிந்து வந்த களைப்பில், ஒரு துண்டை மடித்து அடியில் வைத்தேன். சத்தம் குறைந்தது, அதோடு விட்டுவிட்டேன். போன மாதம் பெட்டி அப்படியே நின்றுபோனது.

ஈப்போ கடையில் பழுதுபார்ப்பவர் மூடியைக் கழற்றினார்.

"அண்ணே, உள்ள பூரா சாம்பிராணிக் கரி. காத்தாடியே சுத்தல. உள்ள இருக்கிற ரெண்டு டிஸ்க்குல ஒன்னு சூட்டுல போச்சு. நல்லவேளை, இன்னொன்னுலயும் அதே படமெல்லாம் பதிவாகியிருக்குலா."

அங்கேயே படங்களை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கச் சொன்னேன்.

இப்போது பெட்டி ஹாலில், காற்றோட்டமாக இருக்கிறது. படங்களின் பிரதி ஒன்று சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது. சிறு சத்தம் கேட்டாலும், எவ்வளவு அசதியானாலும் எழுந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வழக்கம்போல உண்டு. புகை சாமிக்கு மட்டும்தான்.